‘ஆள் போதாது’ என்றார்கள்

வாசல் திறந்த பெண்கள் – 12

2014 பிப்ரவரி 11, இரவு. ரஷ்யாவின் சோச்சியில், காகஸஸ் மலைச்சரிவில் கட்டிய தாவுமேடை விளக்கு வெளிச்சத்தில் பளீரென்று நிற்கிறது. அதன் உச்சியில், சறுக்குத் தடத்துக்குக் குறுக்கே போட்ட ஒரு கட்டையில் இளம்பெண் ஒருவர் வந்து உட்கார்கிறார். வயது 19. மார்பில் ‘1’ என்ற எண். அமெரிக்காவின் பார்க் சிட்டியைச் சேர்ந்த சாரா ஹென்ட்ரிக்சன். ஆறு மாதம் முன்பு பயிற்சியில் விழுந்து முழங்கால் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, அந்தப் பருவத்தின் போட்டிகள் எதிலும் கலந்துகொள்ளாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். தரவரிசையில் பின்தங்கியவர் முதலில் தாவ வேண்டும் என்பது விதி. முந்தைய ஆண்டு உலக சாம்பியனாக இருந்தவருக்கு முதல் எண் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பச்சை விளக்கு எரிகிறது. மேடையோரத்தில் நிற்கும் பயிற்சியாளர் கொடியைக் கீழே வீசுகிறார். சாரா கட்டையிலிருந்து கையை விடுகிறார்.

ஒலிம்பிக்கில் ஸ்கீ ஜம்பிங் செய்த முதல் பெண் அவர்தான். ஆண்கள் 1924-ல், பிரான்ஸின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே தாவிவிட்டார்கள். அதே கட்டையில் பெண்ணுக்கு உட்கார இடம் கிடைக்க 90 ஆண்டுகள் பிடித்தன. சாராவுக்கு அன்று கிடைத்தது 21-ஆவது இடம். ஆனால் அவர் தரை தொட்டபோது, வரிசையில் பின்னால் காத்திருந்த சிலருக்கு நெஞ்சு நிறைந்திருக்கும். காரணம், அந்தக் கட்டையை அங்கே போட வைத்தவர்கள் அவர்கள்.

அவர்களில் ஒருவர் லிண்ட்சி வான். சாராவின் ஊர்க்காரர், அப்போது வயது 29. (மலைச்சரிவு ஸ்கீயில் பெயர்பெற்ற லிண்ட்சி வோன் வேறு, இவர் வேறு.) சாரா குழந்தையாக இருந்தபோதே, பார்க் சிட்டியின் மேடைகளில் பறந்துகொண்டிருந்தவர் வான்.

போன வாரம் பெண்கள் மாரத்தானைப் பார்த்தோம். 1966-ல் பாபி கிப் புதரில் மறைந்திருந்து பாஸ்டன் ஓட்டத்தில் கலந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் அது முடியும். சாலை எல்லோருக்கும் பொது. துணிந்த ஒருத்தி உள்ளே நுழைந்து ஓடிக்காட்டிவிடலாம். ஸ்கீ ஜம்பிங்கில் அதற்கு வழியில்லை. மேடைக்குக் கதவு உண்டு, காவல் உண்டு. பனியைச் செப்பனிட ஆள் வேண்டும், தூரம் அளக்க ஆள் வேண்டும், விளக்கைப் பச்சையாக்க ஆள் வேண்டும். ஒருத்தியின் துணிச்சல் மட்டும் இங்கே செல்லுபடியாகாது. பலர் சேர்ந்தே ஆக வேண்டும். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் பிறந்தவர்கள் அப்படிச் சேர்ந்த கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

கையை விடும் நொடி

முதலில் இந்த விளையாட்டு என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தாவுபவர் கையில் ஊன்றுகோல் கிடையாது. காலில் ஆளை விட நீளமான இரண்டு பலகைகள். கட்டையை விட்டதும் பலகைகள் பனியில் வெட்டிய இரண்டு குழித்தடங்களில் வழுக்கி இறங்குகின்றன. சில நொடிகளில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரை நெருங்கும். தடத்தில் பிரேக் இல்லை. கையை விட்டபின் மனம் மாறினால் திரும்பி வர வழியில்லை. தடம் முடியும் விளிம்பு மேல்நோக்கி வளைந்து ஆளைத் தூக்கி எறிவதாகத் தொலைக்காட்சியில் தோன்றும். உண்மையில் அந்த விளிம்பும் கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. மேலே எழுப்புவது தாவுபவரின் கால்கள்தான். கண் இமைக்கும் நேரத்துக்குள் குந்திய நிலையிலிருந்து நிமிர்ந்து உதைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பத்து மீட்டர் போய்விடும்.

அதன்பின் காற்று. பலகைகளை ‘வி’ எழுத்துப்போல விரித்து, முகத்தைப் பலகைகளின் நுனிக்கு நெருக்கிக்கொண்டு, உடம்பையே இறக்கையாக்கிப் படுக்க வேண்டும். காற்று எதிரே வந்து மோதினால் தூக்கிக்கொடுக்கும். முதுகுப்பக்கம் வீசினால் கீழே அழுத்தும். ‘பயமாக இருக்கிறது, நிமிர்ந்துகொள்ளலாம்’ என்று உடம்பு கெஞ்சும் இடத்தில்தான் இன்னும் முன்னால் சாய வேண்டும். பின்வாங்குவது இங்கே பத்திரமும் இல்லை, அழகும் இல்லை. தரை தொடும்போது ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் குனிந்து, கைகளை விரித்து நிற்க வேண்டும். அதற்கு ‘டெலிமார்க்’ என்று பெயர். ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். அதில் அதிகமானதையும் குறைவானதையும் கழித்துவிட்டு மீதியைத் தூரத்துக்கான மதிப்பெண்ணோடு கூட்டுவார்கள்.

இதில் ஆண் உடம்பு, பெண் உடம்பு என்று பிரிக்க என்ன இருக்கிறது? இலேசான உடம்பு காற்றில் நன்றாகவே மிதக்கும். பெண்களைத் தள்ளிவைத்த காரணம் இயற்பியலில் இல்லை.

தனி ஒருத்தி என்றால் அதிசயம்

பெண்கள் தாவுவது புதிதும் இல்லை. 1862-ல் நார்வேயின் திரிசில் ஊரில் தாவிய இங்ரிட் வெஸ்ட்பி என்ற பெண்ணின் பெயர் பதிவாகியிருக்கிறது. 1911-ல் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் பவுலா லாம்பெர்க் என்ற பிரபு குலத்துப் பெண் நீளப் பாவாடையோடு 22 மீட்டர் தாவினார். நார்வேயின் யோஹன்னே கோல்ஸ்டாட் 1930-களில் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகத் தாவிக்காட்டினார். 1938-ல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் அவர் தாவிய தூரம் 72 மீட்டர்.

கூட்டம் கூடியது, கை தட்டியது, பத்திரிகைகள் படம் போட்டன. ஆனால் வாசல் திறக்கவில்லை. இந்த மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது: மூவரும் தனியாக நின்றவர்கள். தனி ஒருத்தி தாவினால் அது வேடிக்கை. பத்துப் பேர் தாவி, அதில் யார் முதல் என்று கேள்வி எழுந்தால்தான் அது விளையாட்டு. கோல்ஸ்டாட்டுக்குத் திறமை குறையவில்லை, துணிவு குறையவில்லை. அவரைத் தோற்கடிக்க முயலும் பெண்கள்தான் போதவில்லை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். இந்தத் தேரை இழுக்க வடம் பிடித்த கைகள் சேர்ந்தது 1990-களின் கடைசியில்தான். பார்க் சிட்டியில் லிண்ட்சி வானும் ஜெசிகா ஜெரோமும் சிறு வயதிலிருந்தே ஒரே மேடைகளில் ஏறி இறங்கினார்கள். நார்வேயில் அனெட்டே சாகென். ஆஸ்திரியாவில் டானியேலா இராஷ்கோ. ஜெர்மனியில் உல்ரிகே கிரெஸ்லர். 1999-ல் பெண்களுக்கென ஒரு சர்வதேசத் தொடர் தொடங்கியது. 2004-ல் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் அங்கீகாரத்தோடு கான்டினென்டல் கோப்பை வந்தது. ஆண்களுக்கு அது இரண்டாம் படி. உலகக் கோப்பைக்கு ஏறும் ஏணி. பெண்களுக்கு அப்போது அதுதான் உச்சி.

அந்தச் சிறு கூட்டம் குளிர்காலம் முழுக்க ஒரே ஊர்களில் திரும்பத் திரும்பச் சந்தித்தது. இன்று ஜெர்மனி, அடுத்து ஸ்லோவேனியா, பிறகு ஜப்பான். பெரிய பரிசும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. பக்கத்தில் காத்திருக்கும் பெண் எந்த நாட்டுக்காரி என்பதை விட, அவளும் வீட்டில், பள்ளியில், சம்மேளனத்தில் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தவள் என்பதுதான் பெரிதாக இருந்திருக்கும்.

கேள்விகளும் சாதாரணமானவை அல்ல. 2003-ல் ஆஸ்திரியாவின் குல்ம் மேடையில் இராஷ்கோ 200 மீட்டர் பறந்தார். அந்தத் தூரத்தைத் தொட்ட முதல் பெண். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, சம்மேளனத்தின் தலைவர் ஜியான் ஃபிராங்கோ காஸ்பர் அமெரிக்க வானொலிக்குப் பேட்டி கொடுத்தார். உயரத்திலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் தடவை இறங்குவது மருத்துவ ரீதியாகப் பெண்களுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை என்பது அவர் கருத்து. 200 மீட்டர் பறந்து இறங்கிய பெண், முழு உடம்போடு தொடர்ந்து தாவிக்கொண்டிருந்த காலம் அது.

எண்ணிக்கைக் கணக்கு

மருத்துவக் காரணம் நிற்காது என்று தெரிந்ததும் வேறொரு காரணம் முன்னால் வந்தது. அதுதான் இந்தக் கதையின் மையம்.

2010 குளிர்கால ஒலிம்பிக் கனடாவின் வான்கூவரில் நடக்க இருந்தது. பெண்கள் ஸ்கீ ஜம்பிங்கைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை 2006 நவம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நிராகரித்தது. ஆட்கள் போதாது, நாடுகள் போதாது, இன்னும் உலக சாம்பியன் போட்டிகூட நடக்கவில்லை என்றார்கள். சேர்த்தால் மற்றப் பதக்கங்களின் மதிப்பு நீர்த்துப்போகும் என்ற பொருளில் கமிட்டித் தலைவர் ஜாக் ரோக் 2008-ல் பேசினார். ஆனால் அதே 2006 கூட்டத்தில் ஸ்கீ கிராஸ் என்ற புதுப் போட்டிக்கு ஆண், பெண் இருபாலருக்கும் இடம் கிடைத்தது. 1984-ல் பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்குக்குள் வந்தபோது அதற்கு முன் நடந்திருந்த உலக சாம்பியன் போட்டி ஒன்றே ஒன்றுதான்.

‘ஆள் போதாது’ என்ற அந்தச் சொல் பெண்களுக்குள் ஒரு விசித்திரமான கணக்கைப் புகுத்திவிட்டது. வேறெந்த விளையாட்டிலும் திறமையான புதுப் போட்டியாளர் வந்தால் பழையவருக்கு வயிற்றில் புளி கரையும். ஓர் இடம் போயிற்று, ஒரு பதக்கம் போயிற்று என்று தோன்றும். இங்கே தலைகீழ். ஜப்பானில் ஒரு சிறுமி புதிதாகப் பறக்க ஆரம்பித்தால், ஸ்லோவேனியாவில் நான்கு பேர் சேர்ந்தால், அது வானுக்கும் சாகெனுக்கும் நல்ல செய்தி. எண்ணிக்கையில் ஒன்று கூடிற்று; வாசல் ஓர் அங்குலம் நகர்ந்தது. தன்னைத் தோற்கடிக்கப்போகிறவள் இருந்தால்தான் தனக்கு மேடையே உண்டு. எதிரே நிற்பவளின் வளர்ச்சியைத் தன் வளர்ச்சியாகக் கருத வேண்டிய கட்டாயம் இருந்தது; கட்டாயம் நாளாவட்டத்தில் பழக்கமாயிற்று, பழக்கம் நட்பாயிற்று என்று நான் நம்புகிறேன்.

2009 பிப்ரவரி 20, செக் நாட்டின் லிபெரெட்ஸ். பெண்களுக்கான முதல் உலக சாம்பியன் போட்டி. 13 நாடுகளிலிருந்து 36 பேர் தாவினார்கள். தங்கம் லிண்ட்சி வானுக்கு. வெள்ளி கிரெஸ்லருக்கு, வெண்கலம் சாகெனுக்கு. உலகத்தின் முதல் பெண் சாம்பியன் என்ற பட்டம் வந்துவிட்டது. ஓராண்டு கழித்து நடக்கும் ஒலிம்பிக்கில் அவருக்கு இடமில்லை என்பதும் மாறவில்லை.

சாகென் எதிர் வான்கூவர்

அந்தப் பதக்க மேடையில் வேறு வேறு உயரத்தில் நின்ற வானும் சாகெனும், அதே சமயத்தில் கனடாவின் நீதிமன்றம் ஒன்றில் ஒரே பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள்.

2008-ல் தொடுத்த வழக்கு அது. கனடா, அமெரிக்கா, நார்வே, ஆஸ்திரியா, ஜெர்மனி, ஸ்லோவேனியா ஆகிய நாடுகளின் வீராங்கனைகள், ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து 15 பேர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உச்ச நீதிமன்றத்தில், வான்கூவர் ஒலிம்பிக் அமைப்புக் குழுவுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். கனடாவின் உரிமைச் சாசனம் ஆண், பெண் சமத்துவத்தை உறுதி செய்கிறது. கனடா மண்ணில் அரசாங்கப் பணத்தில் கட்டிய மேடையில் ஆண்கள் மட்டும் தாவுவது அந்தச் சாசனத்துக்கு விரோதம் என்பது வாதம். சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கு முதல் வாதியின் பெயரால் நிற்கிறது. அந்தப் பெயர் அனெட்டே சாகென். அமெரிக்கப் பெண்ணும் கனடாப் பெண்ணும் நார்வேப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் அணிவகுத்தார்கள். மேடையில் யாருக்குப் பின்னால் வந்தால் வருந்துவார்களோ, அவருக்குப் பின்னால்.

அவர்களுக்குத் துணையாக நின்றவர்களில் ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டீடீ கொராடினி. சால்ட் லேக் சிட்டியின் முதல் பெண் மேயராக இருந்தவர். ஜெசிகா ஜெரோமின் அப்பா தொடங்கிய பெண்கள் ஸ்கீ ஜம்பிங் அமைப்பின் தலைமையை ஏற்று, ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

2009 ஜூலை 10 அன்று நீதிபதி லாரி ஆன் ஃபென்லன் தீர்ப்பளித்தார். இந்தப் பெண்கள் பாரபட்சத்துக்கு ஆளாகியிருப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எந்தப் போட்டி நடக்க வேண்டும் என்று முடிவு செய்தது சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஒலிம்பிக் கமிட்டி. கனடாவின் சாசனம் அதைக் கட்டுப்படுத்தாது. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத உள்ளூர் அமைப்புக் குழுவை அதற்குப் பொறுப்பாக்கவும் முடியாது. வழக்கு தோற்றது. நவம்பரில் மேல்முறையீடும் தோற்றது. டிசம்பரில், ஒலிம்பிக்குக்கு ஏழு வாரங்கள் இருக்கும்போது, கனடாவின் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது.

உங்களுக்கு நடந்தது அநியாயம்தான், ஆனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2010 பிப்ரவரியில் ஒலிம்பிக் தொடங்கியபோது தாவல் போட்டிகளுக்கான விஸ்லரின் ‘சாதாரண மேடை’யில் (ஒலிம்பிக்கின் இரண்டு வகை மேடைகளில் சிறியது) அதுவரையிலான அதிகபட்சத் தூரம் 105.5 மீட்டர். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்த சாதனை. அது லிண்ட்சி வானுடையது. அந்த மேடையில் மிக நீண்ட தூரம் பறந்தவருக்கு, அந்த மேடையில் போட்டியிட அனுமதி இல்லை.

அடுத்த மாதமே நார்வேயில் சாகெனுக்கு ஒரு மனக்காயம். ஆஸ்லோவின் புகழ்பெற்ற ஹோல்மென்கோலன் மேடையைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதில் முதலில் தாவ வேண்டியவர் யார் என்ற வாக்கெடுப்பில் மக்கள் தேர்ந்தெடுத்தது சாகெனை. தாவும் நாள் மார்ச் 3 என்று குறித்திருந்தார்கள். முந்தைய இரவில் ஓர் ஆண் வீரர் அதே மேடையில் தாவிவிட்டார். நாடே கொதித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். சாகென் மறுநாள் வந்தார், எல்லோரும் பார்க்கத் தாவினார். முதல் தாவல் என்ற சடங்கை விட, வந்து தாவுவதுதான் முக்கியம் என்று தெரிந்த பெண் அவர்.

ஒரே ஓர் இடம்

தோற்ற வழக்கு வீண்போகவில்லை. உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கையும் கூடிக்கொண்டே வந்தது. 2011 ஏப்ரலில் ஒலிம்பிக் கமிட்டி சம்மதித்தது: சோச்சியில் பெண்கள் தாவலாம். அதே ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி நார்வேயின் லில்லெஹம்மரில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. வென்றவர் 17 வயது சாரா ஹென்ட்ரிக்சன். வான் தட்டிய கதவு வழியாக, வானின் ஊர்ப் பெண் முதலில் நுழைந்தார்.

இங்கேதான் நட்புக்கு உண்மையான சோதனை. வெளியே நிற்கும்வரை ஒற்றுமை எளிது. வாசல் திறந்தபின், உள்ளே இருக்கும் இடங்கள் சிலவே.

2013 டிசம்பர் கடைசியில் பார்க் சிட்டியில் அமெரிக்க அணிக்கான தேர்வுப் போட்டி நடந்தது. அதில் வெல்லும் ஒரு பெண்ணுக்கு மட்டும் சோச்சி இடம் உறுதி. வென்றவர் ஜெசிகா ஜெரோம். இரண்டாவதாக வந்தவர் லிண்ட்சி வான். சிறு வயதிலிருந்து ஒரே மேடையில் ஏறியவர்கள், ஒரே வழக்கில் கையெழுத்துப் போட்டவர்கள், கடைசியில் ஒரே ஓர் இடத்துக்காக ஒருவரை எதிர்த்து ஒருவர் தாவினார்கள். விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுத்திருந்தால் அது நட்புக்கு அழகும் அல்ல. முழு பலத்தோடு தாவித் தோற்பதும் ஜெயிப்பதும்தான் இவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதை. சில வாரங்களில் அறிவித்த அணியில் ஜெரோம், வான், ஹென்ட்ரிக்சன் மூவரும் இருந்தார்கள். அதே மேடையில் அவர்களோடு பல ஆண்டுகள் உழைத்த வேறு சிலர் வீட்டில் இருந்தார்கள்.

சோச்சியில் தங்கம் வென்றவர் ஜெர்மனியின் கரினா ஃபோக்ட். அதுவரை ஓர் உலகக் கோப்பைப் போட்டியைக்கூட வென்றிராதவர். வெண்கலம் பிரான்ஸின் கோலின் மாத்தெலுக்கு. இருவருக்கும் நடுவே வெள்ளி வாங்கிய பெண்ணைப் பாருங்கள்: டானியேலா இராஷ்கோ-ஸ்டோல்ஸ், வயது 30. குல்மில் 200 மீட்டர் பறந்த அதே டானியேலா, வழக்குப் போட்ட 15 பேரில் ஒருவர். நீதிமன்றத்தில் கிடைக்காத தீர்ப்பைக் கழுத்தில் அணிந்துகொண்டு நின்றார். ஜெரோம் 10-ஆவது, வான் 15-ஆவது.

ஒரு விஷயம் எளிதில் மறந்துபோகும். அந்த வழக்கில் கனடாப் பெண்களும் இருந்தார்கள். தங்கள் நாட்டின் சாசனத்தை நம்பி, தங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குப் போனவர்கள். அவர்களில் ஒருவர்கூட சோச்சியில் தாவவில்லை. காலம் கடந்துவிட்டிருந்தது. கனடாவின் பெயரில் அன்று தாவியவர்கள் வேறு பெண்கள். தான் உட்காரப்போவதில்லை என்று தெரிந்தபின்னும் கட்டையைப் போட்டுவிட்டுப் போவது எத்தனை பெரிய துணிவு! மேடையின் உச்சியில் கையை விடும் துணிவுக்கு அது ஒரு மாற்றும் குறைந்ததில்லை.

கீழே காத்திருப்பவர்கள்

இந்தப் போட்டியைப் பார்க்கும்போது மேலே மட்டும் பார்க்காதீர்கள்; கீழேயும் பாருங்கள். தாவி முடித்தவர், அதுவரை முதலிடத்தில் இருந்தால், சரிவின் அடியில் ஒரு தனி இடத்தில் பலகைகளோடு நிற்பார். தன்னைத் தாண்டப்போகிறவர் மேலேயிருந்து வருவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தாண்டிவிட்டால் இடம் காலி. பெண்கள் போட்டிகளில் அந்த இடத்தைக் காலி செய்கிறவர் பெரும்பாலும் வந்தவரைக் கட்டியணைத்துவிட்டுத்தான் நகர்கிறார்.

ஜப்பானின் சாரா தகனாஷி உலகக் கோப்பையில் 60-க்கு மேல் வெற்றி கண்டவர். சோச்சியில் எல்லோரும் தங்கத்தை அவர் பெயருக்கு எழுதிவைத்திருந்தார்கள். வந்தது நான்காம் இடம். 17 வயதில் அந்தச் சுமை. நான்கு ஆண்டுகள் கழித்து 2018-ல், தென் கொரியாவின் பியாங்சாங்கில் அவர் வெண்கலத்தை உறுதி செய்த நொடியில், பதக்கம் எதுவும் கிடைக்காத அணித்தோழி யூகி இட்டோ ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். தங்கம் நார்வேயின் மாரென் லுண்ட்பிக்குப் போயிருந்தது. அந்த அணைப்பைப் பார்த்தவர்களுக்கு யார் எத்தனையாவது என்பது சற்று நேரம் மறந்திருக்கும்.

2022 பெய்ஜிங்கில் வேறொரு காட்சி. ஆணும் பெண்ணும் கலந்த அணிப் போட்டி முதல் முறையாக நடந்தது. அன்று உடையின் அளவு விதிக்குப் பொருந்தவில்லை என்று நான்கு நாடுகளின் ஐந்து பெண்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள்: தகனாஷி, இராஷ்கோ-ஸ்டோல்ஸ், ஜெர்மனியின் கத்தரினா அல்த்தாவுஸ், நார்வேயின் இருவர். தகனாஷியின் முதல் தாவல் கணக்கிலிருந்து போனது. அழுத கண்களோடு அவர் மறுபடியும் மேலே ஏறினார். மறுபடியும் அந்தக் கட்டையில் உட்கார்ந்தார். இரண்டாம் தாவலை முடித்துவிட்டுத்தான் மண்டியிட்டார். அணித்தோழர் ரியோயு கோபயாஷி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜப்பான் நான்காவதாக முடித்தது. அவமானம் நடந்த இடத்துக்கே திரும்பிப் போய், மற்ற மூவருக்காக ஒரு தடவை பறப்பது! தைரியம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பயம் போனபின் வருவதில்லை அது. தோள் கொடுப்பவர்கள் கீழே காத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது.

விக்கர்சுண்டில் பதினைந்து பேர்

நார்வேயின் விக்கர்சுண்டில் ஒரு ராட்சத மேடை இருக்கிறது. அங்கே தாவுவதை ‘ஸ்கீ ஃபிளையிங்’ என்பார்கள். 200 மீட்டரெல்லாம் அங்கே சாதாரணம். 2004-ல் அனெட்டே சாகெனை அந்த மேடையில் தாவ விடலாமா கூடாதா என்று நார்வேயில் பெரிய சர்ச்சை நடந்தது. ஒரு பெண், ஒரு மேடை, ஒரு நாடு முழுக்க வாக்குவாதம்.

19 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், அதே விக்கர்சுண்டில் பெண்களுக்கான முதல் ஸ்கீ ஃபிளையிங் போட்டி நடந்தது. தரவரிசையில் முன்னால் இருந்த 15 பேருக்கு அனுமதி. வழக்குப் போட்டவர்களும் 15 பேர்தான். ஸ்லோவேனியாவின் எமா கிளினெட்ஸ் அன்று 226 மீட்டர் பறந்து பெண்களின் உலக சாதனையை எழுதினார். அடுத்த ஆண்டு நார்வேயின் சில்யே ஓப்செத் 230.5 மீட்டர். 2025-ல் ஸ்லோவேனியாவின் நிகா பிரெவ்ட்ஸ் 236 மீட்டர். மூன்றும் அதே மேடையில். முதல் இரண்டு சாதனைகளும் ஓராண்டுகூட முழுதாக நிற்கவில்லை. ‘ஆள் போதாது’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

2026 மிலான்–கோர்டினா ஒலிம்பிக்கில் பெரிய மேடைப் போட்டியையும் பெண்களுக்குச் சேர்த்தார்கள். ஆனால் ஸ்கீ ஜம்பிங்கையும் பனிச்சறுக்கு ஓட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்த நார்டிக் கம்பைண்ட் என்ற விளையாட்டில், அதே 2026-லும் பெண்களுக்கு இடம் கிடைக்கவில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களே இல்லாத ஒரே விளையாட்டு அதுதான். சொன்ன காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்: போதிய நாடுகள் இல்லை, போதிய பார்வையாளர்கள் இல்லை.

நார்டிக் கம்பைண்ட் பெண்கள் தங்கள் போட்டி ஒன்று தொடங்கும் முன் தொடக்கக் கோட்டில் வரிசையாக நின்று, ஊன்றுகோல்களைத் தலைக்கு மேலே பெருக்கல் குறிபோலக் குறுக்கே பிடித்துக் காட்டினார்கள். ஒரு நாடு, ஒரு கொடி என்று இல்லை. எல்லோருடைய கோல்களும் ஒரே சமயத்தில் உயர்ந்தன. சில நொடிகளில் கோல்கள் இறங்கின. அதன்பின், ஒருவரை ஒருவர் தோற்கடிக்க அத்தனை பேரும் ஓடினார்கள்.

சாகெனும் வானும் அன்று செய்ததும் இதைத்தான்.

*(அடுத்த வாரம்: கோல்களை உயர்த்தியவர்கள். நார்டிக் கம்பைண்ட் பெண்களின் கதை)*